எம்எல்ஏ வேட்பாளர் நோட்டீஸைப் படிப்பது எப்படி: வெள்ளம், தண்ணி, ரயில், வரி யார் கையில?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் எந்தக் கட்சி ஜெயிக்கும்ங்கிறதைப் பத்தி இல்ல. அதுக்கு ஏற்கனவே நிறைய சேனல் இருக்கு. நாம பேசப்போறது அதைவிடச் சின்ன விஷயம், ஆனா நம்ம தெருவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற விஷயம். எம்எல்ஏ தேர்தலுக்கு நிக்கிற ஒருத்தர் "மழைநீர் வடிகால் கட்டுவேன், குடிநீர் கொண்டு வருவேன், பட்டா வாங்கித் தருவேன், ரயில் கொண்டு வருவேன், சொத்து வரியைக் குறைப்பேன்"னு சொன்னா, அதுல எதை அவர் செய்யலாம், எதைக் கேட்டு வாங்கலாம், எதுல அவருக்குச் சம்பந்தமே இல்லன்றதைத்தான் பார்க்கப்போறோம்.

உதாரணத்துக்குத் தென்சென்னையை எடுத்துக்கிறேன். வேளச்சேரி, சோழிங்கநல்லூர்னு ரெண்டு தொகுதி. ரெண்டும் 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு, 2011 தேர்தல்ல வந்தவை. 2021 தேர்தல்ல சோழிங்கநல்லூர்ல மட்டும் 6 லட்சத்துக்கும் மேல வாக்காளர்கள். ஓஎம்ஆர்ல வேலை செய்ற நம்ம நேயர்கள் பலருக்கு ஓட்டு இங்கதான் இருக்கும், இல்ல குறைஞ்சபட்சம் வாடகை இங்கதான் போகும்.

வடிகால் எப்படி எம்எல்ஏ நோட்டீஸ்ல வந்துச்சு?

மொதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. தெரு விளக்கு, குப்பை, உள் தெரு, வடிகால் எல்லாம் மாநகராட்சி வேலை. அதுக்குன்னு 200 வார்டு, 200 கவுன்சிலர், ஒரு மேயர் இருக்காங்க. அப்புறம் ஏன் எம்எல்ஏ வேட்பாளர் தெரு விளக்கைப் பத்திப் பேசறார்?

ஒரு காரணம் சமீபத்திய வரலாறுல இருக்கு. சென்னை மாநகராட்சி மன்றத்தோட பதவிக்காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல சென்னைல ஒரு கவுன்சிலர்கூட இல்ல. தனி அலுவலர் ஆட்சிதான். அந்தக் காலத்துல தெருவுல சாக்கடை பொங்குனா, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள்னு போய் நிக்கக்கூடிய ஒரே வாசல் எம்எல்ஏ ஆபீஸ்தான். அந்தப் பழக்கம் ரெண்டு பக்கமும் இன்னும் போகல.

இன்னொரு காரணம், அதிகாரம் உண்மையிலேயே மேலதான் இருக்கு. 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல நடைமுறைக்கு வந்தப்போ, நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம்னு 18 வேலைகளை 12வது அட்டவணைல பட்டியல் போட்டாங்க. நகரத் திட்டமிடல், குடிநீர், சாலை, குப்பை எல்லாம் அதுல இருக்கு. ஆனா அந்தச் சட்டத்தோட வார்த்தை "கொடுக்கணும்" இல்ல, "கொடுக்கலாம்". யார் கொடுக்கலாம்? மாநிலச் சட்டமன்றம். அதாவது நம்ம எம்எல்ஏக்கள் உக்காந்திருக்கிற அதே மன்றம்.

சென்னைல என்ன ஆச்சுன்னு பாருங்க. குடிநீரும் கழிவுநீரும் 1978ல அமைஞ்ச சென்னைக் குடிநீர் வாரியம்கிட்ட. நகரத் திட்டமிடல் சிஎம்டிஏகிட்ட. பஸ் மாநகரப் போக்குவரத்துக் கழகத்துகிட்ட. எதுவும் மேயருக்குக் கீழ இல்ல, எல்லாம் மாநில அரசுக்குக் கீழ. அதனால "உள்ளூர் பிரச்சினையை எம்எல்ஏ ஏன் பேசறார்"ன்ற கேள்விக்குப் பதில், பாதி உள்ளூர் பிரச்சினை சென்னைல உள்ளூர்கிட்டயே இல்ல.

யாரோட மாட்யூல்?

நம்ம வேலைல ஒரு பக் வந்தா மொதல்ல கேக்கிற கேள்வி, இது எந்த டீமோட மாட்யூல்னு. நோட்டீஸையும் அப்படியே படிக்கலாம். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது மாநகராட்சியா, மாநில அரசா, மத்திய அரசா, நீதிமன்றமான்னு பக்கத்துல எழுதிக்கோங்க.

*வெள்ளம்.* 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கினதை யாரும் மறக்கல. "வெள்ளம் வராம பார்த்துப்பேன்"னு சொல்றது ஒரே வரி. ஆனா அந்தத் தண்ணி போற பாதையைப் பின்தொடர்ந்து பாருங்க. உங்க தெருவோட மழைநீர் வடிகால் மாநகராட்சி. மெயின் ரோடு வடிகால் பல இடத்துல நெடுஞ்சாலைத் துறை. சுத்தியிருக்கிற 30க்கும் மேற்பட்ட ஏரிகளோட உபரி நீர் வந்து சேர்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அதோட பாதுகாக்கப்பட்ட பகுதி, வனத் துறை. அங்கிருந்து தண்ணி வெளியேற்ற ஒக்கியம் மடுவும், அதுக்கப்புறம் வர்ற பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறை. முட்டுக்காடு பக்கம் போய்க் கடல்ல சேரணும். நாலு துறை, ஒரே தண்ணி. இதுல மூணு நேரடியா மாநில அரசுத் துறை. அப்போ எம்எல்ஏவுக்கு இதுல நிச்சயமா வேலை இருக்கு. ஆனா அந்த வேலை வடிகால் கட்டுறது இல்ல. நாலு துறையையும் ஒரே வரைபடத்தைப் பார்க்க வைக்கிறது. வேட்பாளர் "வடிகால்"னு மட்டும் சொல்லிட்டு ஒக்கியம் மடுவைப் பத்தி ஒரு வார்த்தை பேசலன்னா, உங்க தெருத் தண்ணியை அடுத்த தெருவுக்கு அனுப்பறதைப் பத்தித்தான் பேசறார்.

*குடிநீர்.* இது முழுக்க மாநிலம். நெம்மேலில 2013ல ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை வந்தது. 2024ல இன்னும் 15 கோடி லிட்டருக்கு ஒண்ணு. ரெண்டும் தென்சென்னையை மனசுல வெச்சுதான். ஆலைல தண்ணி வந்தாலும் உங்க அப்பார்ட்மென்ட் வரைக்கும் குழாய் வரணும். 2011ல மாநகராட்சியோட சேர்ந்த பகுதிகள்ல பல இடம் இன்னும் டேங்கர் லாரியை நம்பித்தான் ஓடுது. அதனால "குடிநீர் தருவேன்"னு சொல்றவர்கிட்ட கேக்க வேண்டியது எந்தத் தெருவுக்கு எந்த வருஷம் குழாய், கழிவுநீர் இணைப்பு எப்போன்னுதான்.

*ரயில்.* பறக்கும் ரயில் 2007ல வேளச்சேரி வரைக்கும் வந்தது. அங்கிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கி.மீ. நீட்டிப்பு வேலை 2008ல ஆரம்பிச்சது. ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குல அது வருஷக்கணக்கா நின்னுச்சு. இதுல ரயில்வே மத்திய அரசு, நிலம் கையகப்படுத்துறது மாநில அரசு, இழப்பீடு போதுமான்னு சொல்றது நீதிமன்றம். இந்த மூணுல எம்எல்ஏ அழுத்தம் கொடுக்கக்கூடியது ஒண்ணுதான். "ரயிலை நான்தான் கொண்டு வந்தேன்"னு போஸ்டர் அடிக்கிறவங்களையும், "ரயில் வராததுக்கு எம்எல்ஏதான் காரணம்"னு சொல்றவங்களையும் இதே அளவுகோல்ல பார்க்கணும்.

*சொத்து வரி.* இது கொஞ்சம் ஆச்சரியமானது. வரி வசூல் பண்றது மாநகராட்சி. தீர்மானம் போடறது மாநகராட்சி மன்றம். ஆனா 2022 ஏப்ரல்ல உயர்வு எவ்வளவுன்னு முடிவு பண்ணி ஆணை போட்டது மாநில அரசு. பழைய சென்னைப் பகுதில 600 சதுர அடிக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல 150 சதவீதம். 2011ல சேர்ந்த பகுதிகள்ல 25லேர்ந்து 100 சதவீதம் வரைக்கும். அதாவது வேளச்சேரில இருக்கிறவருக்கு ஒரு விகிதம், பள்ளிக்கரணைல இருக்கிறவருக்கு வேற விகிதம். கவுன்சிலர்கிட்ட சண்டை போட்டா "மேலிடத்து ஆணை"ம்பார். அந்த மேலிடம் எம்எல்ஏ இருக்கிற இடம். இந்த விஷயத்துல எம்எல்ஏ வேட்பாளரோட நிலைப்பாட்டைக் கேக்க நமக்கு முழு உரிமை இருக்கு.

3 கோடியோட கணக்கு

"என் நிதியிலேர்ந்து செய்து தருவேன்"னு ஒரு வரி எல்லா நோட்டீஸ்லயும் இருக்கும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதின்னு ஒரு திட்டம் இருக்கு. வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அஞ்சு வருஷத்துக்கு 15 கோடி. இது அவர் பாக்கெட்டுக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், அரசு நிர்வாகம்தான் அதைச் செய்யும்.

15 கோடி பெரிய தொகை மாதிரி தெரியும். ஒரு ஒப்பீடு சொல்றேன். வடசென்னைல கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதில ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் உதவியோட எடுத்த மழைநீர் வடிகால் திட்டத்துக்கு மதிப்பீடு 3,220 கோடி ரூபாய், நீளம் 769 கி.மீ. வகுத்துப் பார்த்தா ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 4.2 கோடி. அந்தக் கணக்குல எம்எல்ஏ நிதி முழுசையும் போட்டாலும் அஞ்சு வருஷத்துக்கு நாலு கிலோமீட்டர் வராது. லட்சக்கணக்கான வாக்காளர் இருக்கிற தொகுதில நாலு கிலோமீட்டர்.

அதனால இந்த நிதியை வெச்சு பள்ளிக்கூட வகுப்பறை, பஸ் நிழற்குடை, உடற்பயிற்சிக் கூடம் மாதிரி வேலை செய்யலாம். அதுவும் நல்ல வேலைதான். ஆனா வெள்ளத்துக்கான பதில் இந்த நிதில இல்ல. இருக்குன்னு ஒருத்தர் சொன்னா, அவர் கணக்கு போடலன்னு அர்த்தம்.

அப்போ எம்எல்ஏகிட்ட என்னதான் இருக்கு?

நிறைய இருக்கு. ஆனா அது நோட்டீஸ்ல வராது.

சட்டமன்றத்துல கேள்வி நேரம் இருக்கு. ஒரு எம்எல்ஏ எழுத்துல கேள்வி கொடுத்தா துறை அமைச்சர் பதில் சொல்லணும். கவன ஈர்ப்பு இருக்கு. ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கறதுக்கு முன்னாடி மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும். நகராட்சி நிர்வாகம், நீர்வளம், நெடுஞ்சாலைன்னு தனித்தனி நாள். ஒக்கியம் மடுவை அகலப்படுத்தப் பணம் எங்கேன்னு கேக்கவேண்டிய இடம் அதுதான்.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு: அரசு உறுதிமொழிக் குழு. அமைச்சர் அவைல "செய்து தரப்படும்"னு சொன்னா அது வெறும் பேச்சு இல்ல, உறுதிமொழி. அது நிறைவேறிச்சான்னு பின்தொடர சட்டமன்றத்துல தனியா ஒரு குழுவே இருக்கு. டிக்கெட் போட்டு, மூடுற வரைக்கும் பார்க்கிற சிஸ்டம் மாதிரி. கூடவே பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு எல்லாம் இருக்கு. எதிர்க்கட்சி எம்எல்ஏவும் இதுல உறுப்பினரா இருக்கலாம். "ஆளுங்கட்சி எம்எல்ஏவாலதான் எதுவும் நடக்கும்"ன்ற பேச்சு முழு உண்மை இல்ல.

மாநில அரசு நினைச்சா என்ன நடக்கும்ன்றதுக்கு ஓஎம்ஆர்காரங்களுக்குத் தெரிஞ்ச உதாரணம், சுங்கச்சாவடி. மெட்ரோ வேலை நடக்கிறதைக் காரணம் காட்டி, பெருங்குடி உள்ளிட்ட நாலு சாவடில வசூலை 2021 ஆகஸ்டு கடைசில நிறுத்தினாங்க. அது மாநில அரசோட சாலை, அதனால மாநில அரசே முடிவெடுக்க முடிஞ்சது. தேசிய நெடுஞ்சாலைல இருக்கிற சாவடிக்கு இதே வாக்குறுதி கொடுத்தா அது எம்எல்ஏவால முடியாது.

இன்னொரு வழி, 2022 ஆகஸ்டுல முதலமைச்சர் 234 எம்எல்ஏக்களுக்கும் கடிதம் எழுதி, உங்க தொகுதில நீண்ட நாளா தீராத 10 கோரிக்கையை மாவட்ட ஆட்சியர்கிட்ட கொடுங்கன்னு கேட்டார். "உங்கள் தொகுதியில் முதலமைச்சர்" திட்டத்தோட ஒரு பகுதி. இப்போ மறுபடி போட்டியிடற பழைய எம்எல்ஏகிட்ட கேக்க இதைவிட எளிமையான கேள்வி இல்ல: நீங்க கொடுத்த பத்து எது? எத்தனை முடிஞ்சது?

கட்சியா, வேட்பாளரா?

இங்க ஒரு நேர்மையான சிக்கல் இருக்கு. 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடா சொன்னதுக்கு எதிரா அவைல ஓட்டுப் போட்டா பதவியே போகலாம். அப்போ தனி வேட்பாளரோட நிலைப்பாட்டுக்கு என்ன மதிப்பு?

மசோதா மேல ஓட்டுன்னா மதிப்பு குறைவுதான். அங்க கட்சியோட தேர்தல் அறிக்கையைப் படிங்க. ஆனா என்ன கேள்வி கேக்கணும், எந்த ஏரியைப் பத்திப் பேசணும், பத்து கோரிக்கைல எது மொதல்ல வரணும்னு எந்தக் கொறடாவும் சொல்றதில்ல. உள்ளூர் விஷயங்கள்ல எம்எல்ஏவுக்கு இருக்கிற சுதந்திரம் நாம நினைக்கிறதைவிட ரொம்ப அதிகம். அதனாலதான் அவர் ஆள் எப்படின்றது முக்கியம்.

ஒரே நோட்டீஸ்ல ரெண்டு வாக்குறுதி

இப்போ கஷ்டமான பகுதி. பல நோட்டீஸ்ல மூணாவது வரில "வெள்ளம் வராது"ன்னு இருக்கும், ஏழாவது வரில "அனைவருக்கும் பட்டா"ன்னு இருக்கும். சில இடத்துல இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும்.

நீர்நிலைப் புறம்போக்குல இருக்கிற வீட்டுக்குப் பட்டா தர எம்எல்ஏவால முடியாது. வருவாய்த் துறை தரணும், அதுக்குக் குறுக்கே நீதிமன்றத் தீர்ப்புகளும், ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007ல சட்டமன்றமே போட்ட சட்டமும் நிக்குது. இதை எல்லா வேட்பாளரும் அறிஞ்சிருக்காங்க. ஆனா மேடைல சொல்லமாட்டாங்க, ஏன்னா அங்க இருக்கிறது ஆயிரக்கணக்கான ஓட்டு.

அதே சமயம், "ஆக்கிரமிப்பை எல்லாம் இடிங்க"ன்னு நாம ஈஸியா ட்வீட் போடறோமே, அதையும் கொஞ்சம் யோசிக்கணும். சதுப்பு நிலத்தைச் சின்னதாக்கினது குடிசை மட்டும் இல்ல. குப்பைக் கிடங்கு, அரசு நிறுவனங்கள், நாம வேலை பார்க்கிற ஐடி வளாகங்கள், நாம இஎம்ஐ கட்டுற அப்பார்ட்மென்ட்கள், எல்லாத்துக்கும் அதுல பங்கு இருக்கு. கூவம், அடையாறு கரைலேர்ந்து அகற்றப்பட்டவங்களை எங்க குடிவெச்சாங்க? பெரும்பாக்கம், கண்ணகி நகர். அதாவது இதே தொகுதி, மழை வந்தா தண்ணி நிக்கிற இதே நிலம்.

பள்ளிக்கரணை 2022ல ராம்சர் தளமா அறிவிக்கப்பட்டது. 2025ல தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு, அந்த எல்லைலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள புதிய கட்டுமானத்துக்கு அனுமதி தரக் கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டது. கடன் வாங்கி மனை வாங்கினவங்களோட பிளான் நின்னுபோச்சு. அவங்க கோபம் நியாயமானது. தண்ணி தேங்க இடம் வேணும்ன்றதும் நியாயமானது. இதுல வேட்பாளர் எந்தப் பக்கம்? அறிவியல்படி பாதிப்பு மண்டலம் எவ்வளவு தூரம்னு சீக்கிரமா வரையறுக்க அரசை நெருக்குவாரா? ஏற்கனவே மனை வாங்கினவங்களுக்கு என்ன வழி சொல்றார்? ரெண்டு கூட்டத்துலயும் ரெண்டு விதமாப் பேசறாரா? யாருக்கும் நஷ்டம் இல்லாத நிலைப்பாடுன்னு ஒருத்தர் சொன்னா, அது நிலைப்பாடே இல்ல.

கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி

வாக்கு கேட்டு வரும்போது, இல்லன்னா குடியிருப்போர் சங்கம் கூட்டம் போடும்போது, இதை எடுத்துட்டுப் போங்க.

1. நீங்க சொல்ற வேலை எந்தத் துறையோடது? உங்க கையில இல்லன்னா, எந்த வழில அழுத்தம் கொடுப்பீங்க?

2. மொதல் வருஷ மானியக் கோரிக்கைல நம்ம தொகுதிக்காக எந்த ஒரு வேலைக்குப் பணம் கேப்பீங்க? ஒண்ணு மட்டும்.

3. தொகுதி நிதி 3 கோடியை எப்படிப் பிரிப்பீங்க? எங்க செலவாச்சுன்னு வருஷா வருஷம் வெளியிடுவீங்களா?

4. வெள்ளமும் பட்டாவும் மோதற இடத்துல உங்க முடிவு என்ன?

5. குடிநீரும் நகரத் திட்டமிடலும் மேயர்கிட்ட போகணுமா, மாநிலத்துகிட்டயே இருக்கணுமா?

அஞ்சாவது கேள்வி ரொம்ப வறண்டதா தெரியும். ஆனா ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் எடுக்கக்கூடிய மிகப்பெரிய உள்ளூர் முடிவு அதுதான். சென்னை மேயரை 1996, 2001, 2011ல மக்கள் நேரடியா தேர்ந்தெடுத்தாங்க. 2006லயும் 2022லயும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தாங்க. இந்த விதி இப்படி மாறி மாறி வந்ததுக்குக் காரணம் மாநில ஆட்சில இருந்தவங்களோட முடிவு. நம்ம மேயரை நாம தேர்ந்தெடுக்கணுமான்னு நம்மகிட்ட யாரும் கேக்கல.

எங்க சரிபார்க்கிறது?

வேட்புமனுவோட சேர்த்து ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26ல பிரமாணப் பத்திரம் கொடுக்கணும். வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதுல இருக்கும். தேர்தல் ஆணையத் தளத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம். அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி எவ்வளவுன்ற பகுதியையும் பாருங்க. ஆனா அந்தப் படிவத்துல கொள்கைக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஒரு வேட்பாளர் எத்தனை கிராம் நகை வெச்சிருக்கார்னு சட்டப்படி தெரிஞ்சுக்கலாம், ஒக்கியம் மடுவைப் பத்தி என்ன நினைக்கிறார்னு நாமதான் போய்க் கேக்கணும்.

பழைய எம்எல்ஏன்னா, அவர் அவைல என்ன கேட்டார்னு சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள்ல இருக்கும். தொகுதி நிதி எங்க போச்சுன்னு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டணத்துல கேக்கலாம். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னாடி இல்ல, இப்பவே. பதில் வர முப்பது நாள் ஆகும்.

அஞ்சு கேள்விக்கும் சரியான பதில் சொல்ற வேட்பாளர் உங்க தொகுதில இல்லாம இருக்கலாம். "இது என் கையில இல்ல, ஆனா இதைச் செய்வேன்"னு ஒரே ஒரு கேள்விக்காவது சொல்ற ஆள் இருந்தா, அவர் பேரைக் குறிச்சு வெச்சுக்கோங்க. உங்க தொகுதி நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்புங்க. எந்த வரி யாரோட வேலைன்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து பிரிச்சுப் பார்க்கலாம்.